மறுவரையறைக்கு முன் புதுக்கோட்டைக்கு ஒரு நியாயம்

வாக்குரிமை என்றதும் நம் கவனம் வாக்காளர் பட்டியலுக்குப் போகிறது. அடுத்து வாக்குப்பதிவு இயந்திரத்துக்கும் பணப் பட்டுவாடாவுக்கும். பட்டியலில் பெயர் விடுபட்டால் கோபப்படுகிறோம், வட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் கொடுக்கிறோம், கட்சிகள் வழக்குப் போடுகின்றன. இந்த அக்கறை முழுக்கத் தேவையானது. ஆனால் பெயர் சரியாக இருந்து, பொத்தானைத் தன் விருப்பப்படி அழுத்தி, எண்ணிக்கையும் நேர்மையாக முடிந்த பிறகும் ஒரு மாவட்டத்து மக்களின் வாக்கு வலுவிழந்து போகலாம். தொகுதியின் எல்லையைத் தவறான இடத்தில் வரைந்தாலே அது நடந்துவிடும். தமிழ்நாட்டில் அதற்குப் புதுக்கோட்டையைவிடத் தெளிவான சான்று இல்லை. அடுத்த தொகுதி மறுவரையறை பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், சென்ற மறுவரையறை இந்த மாவட்டத்துக்குச் செய்ததை எடுத்துப் பேசியாக வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன: கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தேர்தல் ஆணையத்தின் வரிசையில் 178 முதல் 183 வரை அடுத்தடுத்த எண்கள் இவற்றுக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து ஒரு மக்களவைத் தொகுதி. அதாவது இந்த மாவட்டம், வெளியிலிருந்து ஒரு கிராமத்தைச் சேர்க்காமலும் உள்ளிருந்து ஒரு கிராமத்தை விலக்காமலும், அப்படியே ஒரு மக்களவைத் தொகுதியாகியிருக்கலாம். நடந்ததோ வேறு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் ஆணை 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளிக்குப் போயின. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரே மாவட்டம் நான்கு மக்களவைத் தொகுதிகளின் ஓரப்பகுதியாகிவிட்டது.

அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கும் தனி மக்களவைத் தொகுதி இல்லையே என்று கேட்கலாம். அரியலூரில் இருப்பவை இரண்டே சட்டமன்றத் தொகுதிகள்; அது இன்னொரு மாவட்டத்தோடு சேர்ந்துதான் ஆக வேண்டும். புதுக்கோட்டைக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கும் பிரிவினையைக் கோரவில்லை. அந்த மறுவரையறை 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அன்று தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி, 39 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14.59 லட்சம், அதாவது சராசரியைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு. இதைப் பெரிய குறை என்று யாரும் சொல்ல முடியாது. அதே வரைபடத்தின்படி நடந்த 2024 மக்களவைத் தேர்தலில் திருப்பெரும்புதூர் தொகுதியில் சுமார் 23.8 லட்சம் வாக்காளர்கள், நாகப்பட்டினத்தில் சுமார் 13.4 லட்சம் வாக்காளர்கள். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வரைபடத்தில், 9 விழுக்காட்டுக் குறைக்காக ஒரு மாவட்டத்தைத் துண்டாட வேண்டியிருந்தது என்பது ஏற்கக்கூடிய காரணமாகாது.

2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டமும் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. தொகுதிகள் இயன்றவரை புவியியல்படி ஒன்றுகூடிய பகுதிகளாக இருக்க வேண்டும். வரையும்போது இயற்கை அமைப்பு, இருக்கின்ற நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதன் ஒன்பதாவது பிரிவு கூறுகிறது. கரூர் தொகுதியை எடுத்துப் பாருங்கள். அதில் கரூர் மாவட்டத்தின் மூன்று சட்டமன்றத் தொகுதிகளோடு திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரும் திருச்சி மாவட்டத்து மணப்பாறையும் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையும் இருக்கின்றன. விராலிமலைத் தொகுதியின் இலுப்பூர்க்காரருக்கும் அன்னவாசல்காரருக்கும் மருத்துவமனை, கல்லூரி, ஆட்சியர் அலுவலகம் எல்லாம் புதுக்கோட்டையில். மக்களவை உறுப்பினருக்கு மட்டும் மணப்பாறையைத் தாண்டிய கரூர். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி என்று சட்டம் சொல்லும் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இந்தக் கோடு நிற்காது.

பழைய தொகுதியும் குறையற்றதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2004 தேர்தல் வரை இருந்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் சேர்ந்திருந்தன. திருமயம் அப்போதே சிவகங்கையில்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தொகுதியில் மாவட்டத்தின் பெரும்பகுதி ஒன்றாக இருந்தது; வேட்பாளரின் வெற்றி தோல்வியை இந்த மண்ணின் வாக்காளர்கள் தீர்மானித்தார்கள். முதல் பொதுத் தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு, பின்னர் கம்யூனிஸ்ட் தலைவர் உமாநாத், பிற்காலத்தில் திருச்சி சிவா, திருநாவுக்கரசர், ரகுபதி என்று வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்களை இந்தத் தொகுதி அனுப்பிவைத்தது. எந்தக் கட்சிக்கும் நிரந்தரக் கோட்டையாக இல்லாத தொகுதி என்பதால் எல்லாக் கட்சிகளும் இங்கே வந்து கேட்டாக வேண்டியிருந்தது. சமஸ்தானமாக இருந்தபோதே 1902-இல் பிரதிநிதிகள் சபையும் 1924-இல் சட்டசபையும் கண்ட ஊர் இது. 1948-இல் இந்தியாவோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாகி, இப்போது மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. மக்களவையில் மட்டும் இந்தப் பெயரில் இருக்கை இல்லை.

பெயர் போனதால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் தேர்தல் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த நான்கு தொகுதிகளில் எதிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் பங்கு ஆறில் இரண்டைத் தாண்டவில்லை. கரூரிலும் ராமநாதபுரத்திலும் ஆறில் ஒன்றுதான். மாவட்டத்தின் எல்லா வாக்காளர்களும் ஒரே கோரிக்கைக்காக ஒரே மாதிரி வாக்களித்தாலும், நான்கு தொகுதிகளில் ஒன்றில்கூடத் தாங்களாகவே முடிவைத் தீர்மானிக்க முடியாது. இதைக் கட்சிகள் நன்றாக அறிந்திருக்கின்றன. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது திருச்சி மாநகரத்தின் கணக்கு, காரைக்குடியின் கணக்கு, பரமக்குடியின் கணக்கு, கரூரின் கணக்கு முன்னால் நிற்கின்றன. புதுக்கோட்டையின் கணக்கு கடைசியில் வருகிறது. நடைமுறையிலும் அப்படித்தான். மக்களவைத் தேர்தலில் புதுக்கோட்டை ஆட்சியர் மாவட்டத் தேர்தல் அலுவலராக இருப்பார்; ஆனால் எந்தத் தொகுதிக்கும் தேர்தல் நடத்தும் அலுவலர் அவர் இல்லை. இந்த மாவட்டத்தில் ஒருவர் மக்களவைக்குப் போட்டியிட நினைத்தால் அடுத்த மாவட்டத்துக்குப் போய் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரங்களும் நான்கு திசைகளில் மாவட்டத்தை விட்டுப் போகின்றன.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. கீரமங்கலம், வடகாடு பகுதியின் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்தன. தஞ்சாவூரின் இழப்பையும் நாகப்பட்டினத்தின் இழப்பையும் பேச அந்தப் பெயரிலேயே மக்களவைத் தொகுதிகள் இருந்தன. புதுக்கோட்டையின் இழப்போ நான்கு தொகுதிகளின் கணக்கில் பிரிந்து கிடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தபோதும் இதே நிலைதான். அது ஒன்றிய அரசின் திட்டம். கேள்வி எழ வேண்டிய இடம் நாடாளுமன்றம். நெடுவாசல் இருக்கும் ஆலங்குடிப் பகுதி விவசாயிகளின் பிரதிநிதி சிவகங்கையின் உறுப்பினர். போராட்டத்துக்கு ஆதரவாகத் திரண்ட புதுக்கோட்டை நகரத்தின் பிரதிநிதி திருச்சியின் உறுப்பினர். அந்தக் காலத்து உறுப்பினர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. விராலிமலை வாக்காளர்களின் அன்றைய உறுப்பினரான தம்பிதுரை மக்களவைத் துணைத் தலைவராகவே இருந்தார். ஆளின் தகுதியை மீறிய சிக்கல் இது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆறில் ஐந்து பங்கு வாக்குகள் வேறு மாவட்டங்களிலிருந்து வரும் ஒருவர் அந்த ஐந்து பங்குக்கே முதலில் பதில் சொல்வார். அது அரசியலின் இயல்பு.

ஒரு விஷயத்தில் எதிர்வாதத்துக்கு வலு உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களின் கவலை ராமேசுவரம் மீனவர்களின் கவலையோடு ஒத்தது. இலங்கைக் கடற்படையின் கைது நடவடிக்கைகள், படகுப் பறிமுதல், எல்லை தாண்டியதாக வழக்கு என்று பாக் நீரிணைக் கரையெங்கும் ஒரே துயரம். அவர்கள் ராமநாதபுரம் தொகுதியில் இருப்பது ஒரு வகையில் பொருத்தம்தான் என்று சொல்வோரை நான் மறுக்க மாட்டேன். ஒத்த தொழில், ஒத்த வாழ்க்கை உள்ளவர்கள் சேர்ந்து வாக்களிப்பதும் நல்ல தொகுதியின் இலக்கணமே. ஆனால் இந்தக் காரணம் அறந்தாங்கித் தொகுதியின் கடலோரத்துக்குத்தான் பொருந்தும். கந்தர்வகோட்டையின் மானாவாரி விவசாயியைத் திருச்சி மாநகரத்தோடும், விராலிமலையைக் கரூரோடும் சேர்த்ததற்கு அப்படி ஒரு வாழ்க்கைப் பொதுமை எங்கே இருக்கிறது?

ஓர் உறுப்பினருக்குப் பதில் நான்கு உறுப்பினர்கள் கிடைத்திருக்கிறார்களே, அது லாபம்தானே என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். காகிதத்தில் நான்கு குரல்கள்தான். ஆனால் தோற்கடிக்க முடியாத நான்கு பேரைவிட, தோற்கடிக்க முடிகிற ஒருவர் மக்களுக்கு மேலானவர். பிரதிநிதித்துவத்தின் உயிர், கேள்வி கேட்கும் வலிமையில் இருக்கிறது. மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் திஷா எனப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மக்களவை உறுப்பினர் தலைமை ஏற்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் மூத்தவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். நான்கு பேர் பொறுப்பேற்கும் மாவட்டத்தில் சாலை வேலை முடியாவிட்டாலோ குடிநீர்த் திட்டம் நின்றுவிட்டாலோ யாரிடம் போய்க் கேட்பது? ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டிவிட முடியும். தொகுதி மேம்பாட்டு நிதியும் அப்படியே. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிடும்போது ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்பது அந்த உறுப்பினரின் மனத்தைப் பொறுத்தது. அறந்தாங்கியில் பலமுறை சட்டமன்றத் தேர்தலில் வென்ற திருநாவுக்கரசர் 2019-இல் திருச்சியில் நின்று வென்றாரே என்றும் சொல்வார்கள். மாநிலம் அறிந்த ஒரு தலைவருக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஒரு மாவட்டத்தின் உரிமையைத் தனிமனிதரின் வாய்ப்பை வைத்து அளக்கக் கூடாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் உயர்ந்த தளத்தில் வருகிறது. மக்களவை உறுப்பினரின் வேலை நாட்டுக்குச் சட்டம் இயற்றுவது. மாவட்டப் பாசம் குறுகிய பார்வை என்பது அது. அப்படியானால் தொகுதி என்ற ஏற்பாடே எதற்கு? மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கிக் கட்சிகளுக்கு விகிதாசாரப்படி இடங்கள் கொடுத்துவிடலாம். பல நாடுகள் அப்படிச் செய்கின்றன. அது நேர்மையான ஒரு முறைதான். நமது அரசமைப்போ நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட தொகுதிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஓர் இடத்தில் சேர்ந்து வாழ்பவர்களுக்குப் பொதுவான தேவைகள் இருக்கும், அவற்றை ஒருவர் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பதே அதன் நியாயம். அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டு, ஒரு மாவட்டத்தை மட்டும் அதிலிருந்து விலக்குவது முறையாகாது.

மக்கள் இதை வாய்மூடி ஏற்றுக்கொள்ளவும் இல்லை. புதிய வரைபடத்தின்படி நடந்த முதல் தேர்தலான 2009 மக்களவைத் தேர்தலில், தொகுதி பறிபோனதைக் கண்டித்து இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் 49-ஓ விதியைப் பயன்படுத்தினார்கள். நோட்டா 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் வந்தது. அதற்கு முன் யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், வாக்குச்சாவடியில் அலுவலரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். முகவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரகசியம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே இத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்றால் அந்தக் காயத்தின் ஆழம் விளங்கும். அந்தக் கையெழுத்துகள் வாக்காக எண்ணப்படவில்லை. அவற்றுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடிதான் மறுவரையறை முறை அமைக்கப்பட்டிருக்கிறது. ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்டத்தின் வலு உண்டு. மக்களவையிலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படும், திருத்த முடியாது. தொகுதி வரையறை பற்றிய சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அரசமைப்பின் 329-ஆவது கூறு தடுக்கிறது. 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும், பொது அமர்வு நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆட்சேபத்தை ஏன் நிராகரித்தோம் என்று காரணம் எழுதும்படி அது கேட்கவில்லை. மாநிலத்திலிருந்து ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் ஆணையத்துக்குத் துணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. வழக்குகளால் தேர்தல் தடைபட்டுவிடக் கூடாது என்பதே நீதிமன்றத்துக்குப் போக முடியாத தடையின் நோக்கம். அந்த நோக்கம் சரி. ஆனால் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே, குறுகிய காலக்கெடுவுக்குள் ஒரு முறை மட்டும் மேல்முறையீட்டுக்கு இடம் கொடுத்தால் எந்தத் தேர்தலும் தடைபடாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சற்று இறங்கி வந்திருக்கிறது: அப்பட்டமாகத் தன்னிச்சையான, அரசமைப்பின் மதிப்பீடுகளுக்கு முரணான மறுவரையறை உத்தரவு என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்று கிஷோர்சந்திர ராத்தோடு வழக்கில் கூறியது. தொகுதியை இழந்து பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த வெளிச்சம் இது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்ற பகுதி இருக்கிறது. 2010-இல் அந்த நாட்டில் தொகுதிகளின் எண்ணிக்கையைக் குறைக்கத் திட்டமிட்டபோது, கார்ன்வாலின் ஒரு பகுதியைப் பக்கத்து டெவனோடு சேர்த்து ஒரு தொகுதி வரவிருந்தது. கார்ன்வாலைப் பிரிக்காதே என்று மக்கள் ஊர்வலம் போனார்கள். அந்தக் காலத்து மறுவரையறைகள் நடைமுறைக்கு வரவே இல்லை. 2023-இல் முடிந்த மறுவரையறையில் கார்ன்வாலுக்கு ஆறு தொகுதிகள். ஒன்றுகூட டெவன் எல்லையைத் தாண்டவில்லை. அந்த நாட்டில் ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது என்ற கண்டிப்பான விதி இருக்கிறது; சில தீவுகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அவ்வளவு கறாரான கணக்குக்குள்ளும் உள்ளூர் உறவுகளை ஒரு காரணியாகச் சட்டமே குறிப்பிடுகிறது. வரைவைப் பல சுற்றுகளாக மக்கள் முன் வைக்கிறார்கள், வந்த கருத்துகளையும் அவற்றுக்கான பதில்களையும் வெளியிடுகிறார்கள். எண்களின் சமத்துவமும் ஊரின் ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

அடுத்த மறுவரையறை பற்றிய விவாதத்தில் தமிழ்நாட்டின் கவலை எல்லோருக்கும் தெரிந்ததே. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும் பிற மாநிலத் தலைவர்கள் கலந்துகொண்ட கூட்டமும் நடந்தன. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. கிடைக்கும் இடங்களை மாநிலத்துக்குள் எப்படி வரைவார்கள் என்பதைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறப்பதில்லை. எண்ணிக்கை 39 ஆகவே இருந்தாலும், கூடினாலும் குறைந்தாலும், கோடுகள் மீண்டும் வரையப்படும். டெல்லியிடம் தமிழ்நாடு எந்த நியாயத்தைக் கேட்கிறதோ, அதே நியாயத்தைப் புதுக்கோட்டை தமிழ்நாட்டிடம் கேட்கிறது.

புதிய மறுவரையறைச் சட்டம் எப்போது வந்தாலும் அதில் சில விஷயங்கள் எழுதப்பட்டாக வேண்டும். ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை ஒரு தொகுதியின் சராசரியிலிருந்து பத்து விழுக்காட்டுக்குள் இருக்குமானால் அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஆணையம் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். எந்த மாவட்டமும் இரண்டு தொகுதிகளுக்கு மேல் சிதற, அதன் மக்கள்தொகையே கட்டாயப்படுத்தினாலன்றி, இடமளிக்கக் கூடாது. பாதிக்கப்படும் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் பொது அமர்வு நடக்க வேண்டும். வரைவு உத்தரவுகள் கிராமப் பெயர்களோடும் வரைபடத்தோடும் தமிழில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டப்பட வேண்டும். அரசிதழின் ஆங்கில அட்டவணையைத் தேடிப் படிக்கும்படி விடக் கூடாது. இவற்றுக்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. சாதாரணச் சட்டத்தின் சில வரிகள் போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும், இந்த மண்ணின் வாக்குகளைப் பெறும் நான்கு மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி இந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும். தங்கள் தொகுதியின் ஒரு பகுதியை இழக்க நேரும் என்பதால் அந்த நால்வருக்கும் இது எளிதாக இருக்காது. ஆனால் தமிழ்நாட்டுக்காகக் குரல் கொடுக்கும் அவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் நியாயம் புரியாமல் போகாது. வாக்காளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்ற முறை எதிர்ப்பு வலுவாக எழுந்தது வரைபடம் சட்டமாகிவிட்ட பிறகு, வாக்குச்சாவடியில். இந்த முறை வரைவு வெளியாகும் நாளிலேயே ஊராட்சி வாரியாக, வணிகர் சங்கம், விவசாயிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம் வாரியாக எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். அதற்கான மனுவை இப்போதே எழுதி வையுங்கள்.